பாறை ஏறும் சிறு வண்டியும் சில்லுக்குள் இடும் பாரமும்

வண்டியின் சில்லு எவ்வளவுக்கு இலேசாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்பது வாகனப் பொறியியலின் அரிச்சுவடி. பந்தயக் கார்களுக்கு மக்னீசியக் கலப்புலோகத்தில் சில்லு வார்க்கிறார்கள். பந்தயச் சைக்கிளுக்குக் காபன் நாரில் சில்லு செய்து, சில பத்துக் கிராம் குறைவதற்காகப் பெருந்தொகை கொடுக்கிறார்கள். இப்படியிருக்க, சில்லுக்குள் வேண்டுமென்றே ஈயத்தையும் பித்தளையையும் திணித்துப் பாரமேற்றும் ஒரு கூட்டமும் உலகில் உண்டு. அவர்கள் ஓட்டுவது பெரிய வண்டியல்ல. கையில் தூக்கிச் செல்லக்கூடிய, ரேடியோ அலையால் இயக்கப்படும் ‘ரொக் குரோலர்’ எனும் பாறை ஏறும் வண்டி.

விளையாட்டுச் சாமான்தானே, அதுவும் தம்பிமாரும் நானாமாரும் வைத்திருக்கும் சாமான், அதைப் பற்றி எமது சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் சகோதரிகளுக்கு நன்கு பழகிய வினா ஒன்று உண்டு. சாய்தளத்தில் வைத்த பொருள், தளத்தின் சாய்வு கூடக்கூட, முதலில் வழுக்குமா, கவிழுமா? நாம் அதைத் தாளில் செய்து புள்ளி எடுத்துவிட்டு மறந்து போகிறோம். இந்த வண்டிக்காரர்கள் நாள் முழுக்கச் செய்வது அந்த ஒரே வினாவைத்தான். விடை பிழைத்தால் வண்டி மல்லாந்து விழும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விளையாட்டின் தாய்வீடு அமெரிக்கா. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலுள்ள ருபிகொன் பாதை, யூட்டா மாநிலத்தில் மோவாப் நகரைச் சூழ்ந்த மணற்கற் பாறைகள் போன்ற இடங்களில் ஜீப் வண்டிகளை ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, ஒவ்வொரு சில்லையும் பார்த்துப் பார்த்துப் பாறைமேல் வைத்து ஏற்றுவது அங்கு நெடுநாளைய பொழுதுபோக்கு. அதைப் பத்திலொரு பங்கு அளவில் செய்து பார்ப்பதுதான் சிறு வண்டி விளையாட்டு. ஜப்பானின் தமியா நிறுவனம் 1987இல் வெளியிட்ட ‘குளொட் பஸ்டர்’ எனும் பெரிய சில்லு வண்டியை மாற்றியமைத்தே ஆரம்பகாலத்தில் பலர் பாறையேறினார்கள். அதில் இரண்டு மோட்டார்கள், முன் அச்சில் ஒன்றும் பின் அச்சில் ஒன்றுமாகப் பொருத்தப்பட்டிருந்தன. அந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் உதவும். பிற்பாடு அக்சியல், ட்ரக்ஸாஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இதற்கென்றே வண்டிகளைச் செய்து விற்கத் தொடங்கின. போட்டிகளும் நடக்கின்றன. பாறைகளுக்கிடையே சிறு கம்பங்களால் வாயில்கள் அமைத்து, வண்டியை அவற்றினூடே செலுத்த வேண்டும். கம்பத்தில் தட்டினால், பின்னோக்கிச் சென்றால், கவிழ்ந்த வண்டியைக் கையால் தொட்டால் புள்ளி ஏறும். குறைந்த புள்ளி எடுத்தவரே வென்றவர். வேகத்துக்கு இங்கே மரியாதை இல்லை.

பத்திலொரு பங்கு என்றதும் ஒரு கணக்கு வருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்திலொன்றானால் கனவளவு ஆயிரத்திலொன்றாகும். 2000 கிலோகிராம் ஜீப்பின் சரியான பிரதி 2 கிலோகிராம் இருக்க வேண்டும். பெரும்பாலான சிறு வண்டிகள் ஏறத்தாழ அந்தத் திணிவில்தான் இருக்கின்றன, ஒரு கிலோ கூடினாலும் வியப்பில்லை. ஆனால் மொத்தத் திணிவு பொருந்தினாலும் அது இருக்கும் இடம் பொருந்துவதில்லை. உண்மையான ஜீப்பின் அச்சுகளும் சில்லுகளும் இரும்பும் உருக்குமாய்த் தரையை ஒட்டிக் கிடக்கின்றன. சிறு வண்டியிலோ அச்சுக்கூடும் ரிம்மும் பிளாஸ்டிக். பாரமான பொருள்களான மோட்டாரும் பற்றரியும் அடிச்சட்டத்தின் மேலே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அதற்கும் மேலே கூரை, விளக்கு, அலங்காரப் பெட்டி என்று எல்லாவற்றையும் ஏற்றி விற்கிறார்கள். பார்க்க அழகுதான். கடையிலிருந்து வந்த வண்டி முதற் பாறையிலேயே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடுவதற்குக் காரணமும் அதுதான்.

இனி விடயத்துக்கு வருவோம். பாரத்தைக் கூட்டினால் பிடி கூடும், ஆகவே வண்டி ஏறும் என்பது பொதுவான எண்ணம். எண்ணத்தில் பாதிதான் சரி. பாரம் கூடினால் செவ்வன் மறுதாக்கம் கூடும், உராய்வு விசையும் கூடும். ஆனால் வண்டியைக் கீழே இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. வழுக்கத் தொடங்கும் சாய்வின் தான்சன் பெறுமானம் உராய்வுக் குணகத்துக்குச் சமன் என்று படித்திருக்கிறோம். அந்தச் சமன்பாட்டை எழுதும்போது திணிவு இருபுறமும் வெட்டுப்பட்டுப் போகும். 2 கிலோ வண்டி வழுக்குகிற சாய்வில் 4 கிலோ வண்டியும் வழுக்கும். இறப்பரைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம். இறப்பரின் உராய்வு பாடப்புத்தக விதிக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. பாரத்தை இரட்டித்தால் பிடி இரட்டிப்பதற்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே பாரத்தைக் கண்ட இடத்தில் ஏற்றிக்கொண்டே போவது நட்டம். எவ்வளவு ஏற்றினோம் என்பதைவிட எங்கே ஏற்றினோம் என்பதுதான் கேள்வி.

ஒரு வண்டியை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். முன் பின் அச்சுகளுக்கிடையே தூரம் 300 மில்லிமீற்றர், திணிவு 2500 கிராம், புவியீர்ப்பு மையம் இரு அச்சுகளுக்கும் நடுவில், தரையிலிருந்து 100 மில்லிமீற்றர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். பத்திலொரு பங்கு வண்டிகளில் இவை வழமையான அளவுகள். மேல்நோக்கி ஏறும்போது, புவியீர்ப்பு மையத்திலிருந்து நிலைக்குத்தாக இறங்கும் கோடு பின் சில்லு பாறையைத் தொடும் இடத்தைத் தாண்டிப் பின்னே போய்விட்டால் வண்டி கவிழும். அந்தக் கோணத்தின் தான்சன் 150இன் கீழ் 100, அதாவது 1.5. கோணம் 56 பாகை.

இப்போது 400 கிராம் பாரத்தை வாங்குகிறோம். முதலில் அதைக் கூரைமேல், 200 மில்லிமீற்றர் உயரத்தில், நடுவிலே வைத்துப் பார்ப்போம். புவியீர்ப்பு மையம் 114 மில்லிமீற்றருக்கு ஏறுகிறது. கவிழும் கோணம் 53 பாகைக்கு இறங்குகிறது. அதே 400 கிராமை இரு பின் சில்லுகளுக்கும் 200, 200 ஆகப் பிரித்து வைக்கிறோம். சில்லின் நடு, தரையிலிருந்து 55 மில்லிமீற்றர் உயரத்தில் இருப்பதால் புவியீர்ப்பு மையம் 94 மில்லிமீற்றருக்குத் தாழ்கிறது. நல்லதுதான். ஆனால் அது பின்பக்கமாகவும் நகர்ந்துவிடுகிறது. கோணம் 54 பாகை. பாரத்தைத் தாழ்வாக வைத்தும் பயனில்லை. நான்கு சில்லுகளுக்கும் 100 கிராம் வீதம் பகிர்ந்தால் 58 பாகை. கடைசியாக 400 கிராமையும் இரு முன் சில்லுகளுக்கே கொடுத்தால் புவியீர்ப்பு மையம் ஒரே நேரத்தில் தாழ்ந்தும் முன்னகர்ந்தும் செல்கிறது. கோணம் 61 பாகை.

அதே வண்டி, அதே 400 கிராம். இடம் மாறியதில் 53 பாகைக்கும் 61 பாகைக்கும் இடையே 8 பாகை வித்தியாசம். பாறையில் 8 பாகை என்பது ஏறுவதற்கும் ஏறாமல் விழுவதற்கும் இடையிலுள்ள தூரம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வண்டி கவிழ்வதற்கு நெடுநேரம் முன்பே முன் சில்லுகள் இலேசாகிவிடுகின்றன. சமதரையில் முன் அச்சின்மேல் பாதிப் பாரம், 1250 கிராம். 45 பாகைச் சாய்வில் அது 295 கிராமாகக் குறைந்துவிடும். அந்தளவு பாரத்தோடு முன் சில்லு பாறையைச் சும்மா தடவிக்கொண்டிருக்குமே ஒழியப் பிடித்து இழுக்காது. ஓட்டுபவர் பக்கவாட்டில் திருப்பினாலும் வண்டி திரும்பாது. முன் சில்லுகளில் 400 கிராம் சேர்த்த பிறகு அதே சாய்வில் முன் அச்சின்மேல் 525 கிராம் இருக்கும். வண்டியின் மொத்தத் திணிவு 16 வீதம் கூடியிருக்க, முன்பக்கம் பாறையை அழுத்தும் விசையோ முக்கால் பங்குக்கும் மேலாகக் கூடிவிட்டது. அனுபவசாலிகள் தம் வண்டியின் முன்பக்கத்தில் 60 வீதம், பின்பக்கத்தில் 40 வீதம் என்ற கணக்கை நோக்கிப் பாரத்தைச் சரிசெய்வது இதனால்தான். எமது உதாரண வண்டி 57 வீதத்துக்கு வந்திருக்கிறது.

எதையும் இலவசமாகப் பெற முடியாது. ஏற்றத்தில் 5 பாகை சேர்ந்த வண்டிக்கு இறக்கத்தில் 2 பாகை குறைகிறது. முன்னே 56 பாகை வரை தலைகீழாக இறங்கியது, இப்போது 54 பாகையிலேயே முன்பக்கமாகக் குப்புற விழும். எனினும் இந்தப் பண்டமாற்று நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏறும்போது மோட்டாரை முடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முடுக்கலும் வண்டியின் முன்பக்கத்தை மேலே கிளப்பப் பார்க்கிறது. இறங்கும்போது அந்தத் தொல்லை இல்லை, பிடித்துப் பிடித்து மெல்ல விடலாம். ஆனால் அளவு மீறி முன்பக்கத்தில் ஏற்றினால், செங்குத்தான கற்படி ஒன்றின் அடியில் நின்றுகொண்டு முன் சில்லை மேலே தூக்கவே வண்டியால் முடியாமல் போகும். பின் சில்லுகள் பாரமின்றிச் சுழன்று புழுதி கிளப்பும்.

தாழ்வாக, முன்னால் என்பது சரி. அதற்குச் சில்லேதான் வேண்டுமா? பற்றரியை முன்னால் நகர்த்தி அடிச்சட்டத்தோடு தாழ்வாகக் கட்டினால் போதாதா? அதையும் செய்கிறார்கள், செய்யத்தான் வேண்டும். காசு செலவில்லாத மாற்றம் அது. கூரையிலுள்ள வேண்டாத பொருள்களைக் கழற்றுவதும் அப்படியே. ஆனால் சில்லிலிடும் பாரத்துக்கு வேறெந்த இடத்துக்கும் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. அது வில்லுக்குக் கீழே இருக்கிறது.

வண்டியின் உடல் வில்லின்மேல் தங்கியிருக்கிறது. பக்கச் சாய்வில் வண்டி நடக்கும்போது உடல் பள்ளத்துப் பக்கம் சரிந்து அந்தப் பக்க வில்லை அமுக்குகிறது. உடல் சரிந்ததால் புவியீர்ப்பு மையம் இன்னும் வெளியே போகிறது. உடலில் ஏற்றிய பாரம் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் அந்தச் சரிவில் தன் பங்கைச் செலுத்தும். சில்லிலுள்ள பாரம் வில்லைத் தொடுவதே இல்லை. நேரடியாகப் பாறையில் நிற்கிறது. அடுத்தது, ஒரு சில்லு பள்ளத்துக்கு மேலே வரும்போது பாரமான சில்லு தானாகவே தொங்கி இறங்கி அடியைத் தொட முயல்கிறது. இலேசான சில்லு அந்தரத்தில் நிற்கும். இன்னுமொன்று: மோட்டார் நீளவாட்டில் ஓடும் தண்டொன்றின் மூலம் அச்சைச் சுழற்றுவதால், முடுக்கும்போது அந்தத் தண்டின் முறுக்கம் வண்டியை ஒரு பக்கமாகத் திருகுகிறது. ஒரு முன் சில்லு கிளம்பும். அந்தச் சில்லுக்குள் பாரமிருந்தால் அடங்கிக் கிடக்கும். குளொட் பஸ்டரின் மோட்டார்கள் அச்சிலேயே இருந்தன என்று சொன்னேன் அல்லவா? பாரமான அந்த மோட்டார்கள் இரண்டும் வில்லுக்குக் கீழே, தரையோடு. ஈயம் எதையும் சேர்க்காமலே அந்த வண்டிக்கு இந்தப் பலன் கிடைத்தது.

பந்தயக் காருக்கு ஆகாதது இதற்கு மட்டும் ஏன் ஆகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரின் சில்லு, பாதையின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் செக்கனின் சிறு பின்னத்தில் ஏறி இறங்க வேண்டும். பாரமான சில்லுக்குச் சடத்துவம் அதிகம். அது மேட்டில் ஏறினால் இறங்கிவர நேரமெடுக்கும், அதற்குள் தரையைவிட்டு எழுந்துவிடும். சிறு வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்க ஐந்து செக்கன் எடுக்கிறது. சடத்துவம் தலைகாட்டவே அவகாசமில்லை. விதி ஒன்றுதான், வேகம்தான் வேறு.

சுழலும் பாரம் இரட்டிப்புப் பாரம் என்று சிலர் பயமுறுத்துவதுண்டு. அதையும் கணக்குப் பார்த்துவிடலாம். சுழலும் திணிவை முடுக்குவதற்கு மேலதிகமாகத் தேவைப்படும் பங்கு, பாரம் இருக்கும் ஆரையை டயரின் ஆரையால் வகுத்து வர்க்கித்த அளவு. இவ்வண்டிகளின் பொதுவான ரிம் 1.9 அங்குல விட்டமுடையது. ரிம்மோடு ஒட்டிய பாரம் மையத்திலிருந்து சுமார் 22 மில்லிமீற்றரில் இருக்கும். டயரின் ஆரை 57 மில்லிமீற்றர் எனக் கொண்டால் விடை 0.15. அதாவது 400 கிராம், முடுக்கும்போது 460 கிராமைப் போல நடந்துகொள்ளும். அதே பாரத்தை டயரின் உட்புறத்தில், பாறையைத் தொடும் மேற்பரப்புக்கு அடியில் ஒட்டினால் 700 கிராமைப் போல நடக்கும். இரட்டிப்பு என்ற பேச்சு அந்த விளிம்பு நிலைக்கு மட்டுமே ஏறத்தாழப் பொருந்தும். மேலும், அங்கே ஒட்டினால் டயர் பாறைக்கேற்ப வளைந்து கொடுக்கும் தன்மையும் கெட்டுவிடும். ஆகையால் பாரத்தின் இடம் ரிம்தான்.

இந்த டயர்களுக்குக் காற்றடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே வட்டமான பஞ்சு, ரிம்மிலோ டயரிலோ சிறு துவாரம். சில்லின்மேல் பாரம் விழும்போது காற்று வெளியேறி டயர் பாறையின் வடிவத்துக்குக் குழைந்து பிடித்துக்கொள்கிறது. ரிம்மில் அளவான பாரம் இந்தக் குழைவுக்கு உதவும். அளவு மீறினால் பஞ்சு நசுங்கி, பக்கச் சாய்வில் டயரின் ஓரம் மடிந்து வண்டியைக் கவிழ்க்கும். அதிக பாரம் ஏற்றுகிறவர்கள் கூடவே பஞ்சையும் இறுக்கமானதாக மாற்றுவது இதற்காக.

எதை ஏற்றுவது? இடம் குறுகியது, ஆகவே அடர்த்தி முக்கியம். ஒரு கன சென்ரிமீற்றர் அலுமினியம் 2.7 கிராம், உருக்கு 7.8, பித்தளை 8.5 அளவில், ஈயம் 11.3, டங்ஸ்டன் 19.3. டங்ஸ்டன் எட்டாத விலை. மலிவானதும் இலகுவானதும் ஈயம். கார் டயர் கடைகளில் சில்லுச் சமநிலை பார்க்கும்போது ரிம்மில் ஒட்டுகிறார்களே, பின்புறம் பசையுள்ள, 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக வரும் பட்டி, அதுபோன்றவற்றைத்தான் இந்த விளையாட்டுக்காரரும் ஆதியில் ரிம்மைச் சுற்றி ஒட்டினார்கள். பசை விட்டால் பாரம் உள்ளே கிடந்து கலகலக்கும் என்பதால் மேலே நாடா சுற்றுவது வழக்கம். சமச்சீராக ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மெதுவாகச் சுழலும் சில்லு சற்று ஒருபக்கம் பாரமாக இருந்தாலும் அதிராது. ஆயினும் இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது நஞ்சு. கையில் படிந்த ஈயத் துகள் சோற்றோடு வயிற்றுக்குள் போகும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதில் அதற்குப் பாதுகாப்பான குறைந்தபட்ச அளவு என ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005ஆம் ஆண்டிலிருந்து புதிய கார்களுக்கு ஈயச் சமநிலைத் துண்டுகள் தடை. கலிபோர்னியாவில் 2010ஆம் ஆண்டிலிருந்து தடை. அவற்றுக்குப் பதிலாக இரும்பிலும் நாகத்திலும் துண்டுகள் வருகின்றன. வீட்டில் தம்பி ஈயத்தை உருக்கி வார்க்கிறேன் என்று அடுப்படிக்கு வந்தால் எந்தத் தயவும் காட்டாமல் துரத்துங்கள். ஆவியும் துகளும் உம்மா சமைக்கும் சட்டியில்தான் படியும். இப்போது இந்த விளையாட்டுக்காரரில் அநேகர் பித்தளைக்கு மாறிவிட்டார்கள். ரிம்மின் உள்ளே பொருந்தும் பித்தளை வளையம், அச்சின் இரு நுனியிலும் சில்லைத் திருப்பும் முழங்கையைப் பித்தளையிலேயே செய்தது என்றெல்லாம் கடையில் கிடைக்கிறது. விலை கூடத்தான். ஆனால் பிளாஸ்டிக் உறுப்பைக் கழற்றிவிட்டு உறுதியான உறுப்பைப் பூட்டுவதாகவும் அது அமைந்துவிடுகிறது.

உறுதி ஏன் தேவையென்றால், பாரம் கூடிய சில்லு மற்ற உறுப்புகளின் ஆயுளைத் தின்கிறது. சில்லைத் திருப்பும் சிறு மோட்டார் முன்னைவிடக் கடுமையாக உழைக்க வேண்டும். சில்லு பாறைப் பிளவில் சிக்கிய நேரத்தில் திருப்பினால் அதன் பற்கள் உதிரும். அச்சுத் தண்டு முறுகி முறியும். மோட்டார் சூடேறும், பற்றரி வேகமாக இறங்கும். உயரத்திலிருந்து விழுந்தால் அடியும் பலம். அதனால் ஒரே நாளில் 400 கிராமைத் திணிப்பதை விவேகிகள் செய்வதில்லை. முன் சில்லொன்றுக்கு 50 கிராமில் தொடங்கி, ஓட்டிப் பார்த்து, தேவையெனில் கூட்டுகிறார்கள். ஏற்கனவே ஏறிய பாறையில் இன்னும் இலகுவாக ஏறும் கட்டம் வரும்போது நிறுத்துகிறார்கள்.

இவை எல்லாம் ஆயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்வெளிகளில் வேலை செய்யும் பெரிய உழவு இயந்திரங்களைக் கவனித்தால், சிலவற்றின் மூக்கில் இரும்புக் கட்டிகள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். அலங்காரத்துக்கல்ல. பின்னால் பாரமான கலப்பையைத் தூக்கும்போதும், பெட்டியை இழுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் ஏறும்போதும் முன் சில்லுகள் நிலத்தைவிட்டுக் கிளம்பாதிருக்கவே அந்த இரும்பு. பின் டயர்களுக்குள் காற்றோடு தண்ணீரையும் நிரப்புகிற வழக்கம் பல நாடுகளில் உண்டு. தண்ணீர் சுழலாமல் எப்போதும் டயரின் அடியிலேயே தங்குவதால் புவியீர்ப்பு மையம் இன்னும் தாழும். நாம் மேலே பார்த்த அதே கணக்கு, அதே விடை.

ஆனால் இங்கே பிழைத்தால் விலை வேறு. உழவு இயந்திரத்தின் பின் சில்லு சேற்றில் இறுகிவிட்ட நிலையில் சாரதி இயந்திரத்தை முடுக்கினால், சில்லு சுழல முடியாததால் உடலே பின் அச்சைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். முன்பக்கம் எழும். கண்மூடித் திறப்பதற்குள் இயந்திரம் சாரதியின்மேல் மல்லாந்து விழும். குதித்துத் தப்பலாம் என்பது வெறும் நினைப்பு. உலகெங்கும் விவசாயிகள் வேலையில் இறக்கும் முக்கிய வழிகளில் உழவு இயந்திரம் கவிழ்தலும் ஒன்று. சுவீடன் நாடு 1959இல் புதிய உழவு இயந்திரங்கள் யாவற்றுக்கும் சாரதியைக் காக்கும் உருக்குக் கூடு கட்டாயம் என்று சட்டமியற்றியது. அதன் பின் அங்கே அவ்வகை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கூடில்லாத பழைய இயந்திரம் வைத்திருக்கும் குடும்பங்கள் எம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். கொளுக்கியை அச்சுக்கு மேலே கட்டி இழுக்கக் கூடாது என்பதும், செங்குத்தான கரையில் முன்பக்கமாக ஏறாமல் பின்னோக்கி ஏற்ற வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே வரும் விதிகள். பின்னோக்கி ஏறும்போது பாரமான பக்கம் மேட்டை நோக்கி இருக்கும் அல்லவா.

செய்து பார்க்க விரும்புவோருக்கு விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. வீட்டில் கிடக்கும் எந்த விளையாட்டு ஜீப்பும் போதும். வேண்டியவை சமையலறை மின்தராசு ஒன்று, மூன்றடிப் பலகை ஒன்று, பாகைமானி, உப்புத்தாள், நூல். முன் சில்லுகளைத் தராசின்மேலும், பின் சில்லுகளைத் தராசின் அதே உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்கள்மேலும் வைத்து வாசிப்பை எடுங்கள். பிறகு வண்டியை முழுதாக நிறுங்கள். முதலாவது வாசிப்பை இரண்டாவதால் வகுத்து அச்சுகளுக்கிடையிலான தூரத்தால் பெருக்கினால், பின் அச்சிலிருந்து புவியீர்ப்பு மையம் எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது வரும். அடுத்து, பலகையில் உப்புத்தாளை ஒட்டி, வண்டியை மேல்நோக்கி வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். கவிழத் தொடங்கும் கோணத்தைக் குறித்து, முன்னே கண்ட தூரத்தை அக்கோணத்தின் தான்சனால் வகுத்தால் உயரமும் கிடைத்துவிடும்.

ஒரேயொரு கவனம். சில்லுகள் உருளாதபடி நூலால் அச்சோடு இறுகக் கட்ட வேண்டும். உருளக்கூடிய சில்லைப் பின்னால் ஓர் ஆப்பு வைத்து மறித்தால் வண்டி, தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றாமல் பின் அச்சைச் சுற்றிக் கவிழும். கோணம் கூடுதலாக வரும், கணக்கு ஒத்துவராது. உப்புத்தாளிலும் வண்டி கவிழ்வதற்கு முன்பே வழுக்கிவிட்டால் சில்லுகளில் மெல்லிய இறப்பர் வளையங்களை மாட்டிப் பாருங்கள். அதன் பின் நாணயங்களை நாடாவால் கூரையிலும், பின் சில்லிலும், முன் சில்லிலுமாக மாறி மாறி ஒட்டி மூன்று கோணங்களை எடுக்கலாம். பலகையின் கீழே ஒரு தலையணையைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள், வண்டி தம்பியுடையது என்றால் இரண்டு.